போட்ட கோவிட் ஊசி பி.ஏ.4, பி.ஏ.5-க்குப் போதுமா? டர்பன் குடும்பம் ஒன்றின் கேள்விக்கு விரிவான பதில்

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு குடும்பம் கேட்டிருப்பது சுருக்கமாக இது. ஆயாவுக்கு 71 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. 2021 ஆகஸ்டுக்குள் பைசர் இரண்டு டோஸ் போட்டாயிற்று. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. மகன் பள்ளி ஆசிரியர், 2021 ஜூனில் ஜான்சன் ஊசி ஒன்று போட்டார். 19 வயதுப் பேத்தி இன்னும் ஒன்றுமே போடவில்லை. 2021 டிசம்பரில் கோவிட் வைரஸின் ஓமிக்ரான் திரிபு வீட்டில் எல்லோரையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுப் போனது. இப்போது பி.ஏ.4, பி.ஏ.5 என்று புதுத் திரிபுகள் வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். 2020-ல் பரவிய வைரஸை வைத்துச் செய்த ஊசி இதற்கு வேலை செய்யுமா, நோயே வந்து போன பிறகு ஊசி எதற்கு, புதுத் திரிபெல்லாம் ஏன் நம் தென்னாப்பிரிக்காவிலிருந்தே கிளம்புகிறது என்பவை அவர்களின் கேள்விகள்.

2022 மே நடுப்பகுதி நிலவரப்படி பதில் சொல்கிறேன்; கீழே வரும் எண்களும் விதிகளும் அந்தக் காலத்துக்கு உரியவை. ஆயாவுக்கு மூன்றாவது டோஸ் இந்த வாரமே வேண்டும். அந்த வீட்டில் அவசரம் அவருக்குத்தான். ஆசிரியருக்கு இரண்டாவது டோஸுக்கான காலம் வந்து மாதங்கள் ஓடிவிட்டன. பேத்தி முதல் டோஸ் போட்டுக்கொள்ளலாம், டிசம்பர் தொற்று அதற்குத் தடையில்லை. புதிய திரிபு தொற்றுவதைப் பழைய ஊசி அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஆனால் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேருகிற நிலைமையை அது இன்னும் நன்றாகவே தடுக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் "ஊசி போட்டும் வந்துவிட்டதே" என்ற சலிப்பு நம்மவரிடம் இவ்வளவு பரவியிருக்கிறது.

உடம்பின் எதிர்ப்பு இரண்டு அடுக்காக நிற்கிறது. ரத்தத்தில் மிதக்கும் ஆன்டிபாடிகள், வைரஸின் மேல் முள்போல நிற்கும் ஸ்பைக் புரதத்தைப் பிடித்துக்கொண்டு, அது செல்லுக்குள் நுழைவதையே தடுக்கும். ஸ்பைக்கின் வடிவம் மாறினால் அந்தப் பிடி நழுவும். மாதங்கள் போகப்போக ஆன்டிபாடியின் அளவும் தானாகக் குறையும். இரண்டாவது அடுக்கு டி செல்கள். வைரஸ் புகுந்துவிட்ட செல்லைக் கண்டுபிடித்து அழிப்பது இவற்றின் வேலை. ஸ்பைக்கின் பல சிறு துண்டுகளை ஒரே நேரத்தில் இவை அடையாளம் வைத்திருப்பதால், சில இடங்கள் மாறினாலும் மீதியை வைத்துக் கண்டுகொள்ளும். ஓமிக்ரானின் ஸ்பைக்கில் 30-க்கு மேல் மாற்றங்கள் இருந்தன. பைசர் போட்டவர்களின் ரத்தத்தில் ஆன்டிபாடி அதை முடக்கும் திறன் சுமார் 22 மடங்கு சரிந்ததை டர்பனில் அலெக்ஸ் சிகாலின் ஆய்வகம் அளந்தது. அதே ஓமிக்ரானுக்கு எதிரான டி செல் எதிர்வினையில் 70 முதல் 80 சதவீதம் தாக்குப்பிடித்ததைக் கேப் டவுன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஊசி போட்டவர்களுக்கும் டிசம்பரில் காய்ச்சல் வந்ததற்கும், அவர்களில் மிகப் பலர் வீட்டிலேயே தேறியதற்கும் இந்த இரண்டு எண்களே போதிய விளக்கம்.

புதுத் திரிபு ஊசித் திட்டத்தையே தடம் மாற்றியதை இந்த நாடு மற்றவர்களுக்கு முன்பே பார்த்தது. 2020 டிசம்பர் 18 அன்று, பிறகு பீட்டா என்று பெயர் பெற்ற பி.1.351 திரிபு அறிவிக்கப்பட்டது. ஈஸ்டர்ன் கேப்பில் நெல்சன் மண்டேலா பே பகுதி மாதிரிகளில் அது முதலில் தென்பட்டது. அதன் மரபணு வரிசையைப் படித்துச் சொன்னது துலியோ டி ஒலிவேரா தலைமையில் நம் டர்பனிலேயே இயங்கிய கிரிஸ்ப் ஆய்வகம். அதன் ஸ்பைக்கில் 484-வது இடத்தில் இருந்த மாற்றம்தான் ஆன்டிபாடிகளை ஏமாற்றியது. 2021 பிப்ரவரி 1 அன்று இந்தியாவின் சீரம் நிறுவனத்திலிருந்து ஆஸ்ட்ராஜெனகா 10 லட்சம் டோஸ் வந்து இறங்கியது. ஆறு நாள் கழித்து, பிப்ரவரி 7 அன்று, அது நிறுத்தி வைக்கப்பட்டது.

காரணம் விட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஷபீர் மாதி குழு நடத்திய சோதனை. சுமார் 2,000 பேர், நடு வயது 30. பீட்டாவால் லேசான அல்லது மிதமான நோய் வந்தவர்கள் 39 பேர். அவர்களில் 19 பேர் ஊசி போட்டவர்கள், 20 பேர் ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்கள். லேசான நோயைத் தடுப்பதில் பயன் ஏறக்குறைய இல்லை என்பது அதிலிருந்து தெளிவு. கடும் நோயைத் தடுக்குமா என்று சொல்ல அந்தச் சோதனையால் முடியாது, ஏனென்றால் இளைஞர்கள் அடங்கிய அந்தக் கூட்டத்தில் கடும் நோயே வரவில்லை. வயதானவர்களுக்கு அதைப் போட்டிருக்கலாம் என்ற வாதத்தில் நியாயம் உண்டு என்றே நான் நினைக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும் சில நாளில், திரிபு பரவும் நாடுகளும் அதைப் பயன்படுத்தலாம் என்றே சொன்னது. ஆனால் டோஸ்கள் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் வழியாக வேறு நாடுகளுக்கு விற்கப்பட்டன. 60 வயதைத் தாண்டிய பொதுமக்களுக்கு முதல் ஊசி மே 17 அன்றுதான் கிடைத்தது, டெல்டா அலை எழுவதற்குச் சில வாரங்கள் முன்பு. எத்தனை ஆயாக்களும் தாத்தாக்களும் அந்த இடைவெளியில் ஊசி இல்லாமல் டெல்டாவிடம் சிக்கினார்கள் என்பதை டர்பனில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆஸ்ட்ராஜெனகாவுக்குப் பதில் ஜான்சன் ஊசி வந்தது. பீட்டா பரவிய காலத்திலேயே இங்கு சோதிக்கப்பட்டு, மிதமான மற்றும் கடும் நோய்க்கு எதிராக 57 சதவீதப் பயன் காட்டியிருந்தது. சிசோன்கே என்ற பெயரில் 2021 பிப்ரவரி 17 முதல் சுகாதாரப் பணியாளர்கள் சுமார் 4,80,000 பேருக்கு அது போடப்பட்டது. ஏப்ரலில் ரத்தம் உறையும் அரிதான பக்கவிளைவு அமெரிக்காவில் தெரியவந்ததும் இரண்டு வாரம் நிறுத்தி, பிறகு தொடர்ந்தார்கள். ஜூனில் இன்னோர் அடி. அமெரிக்காவின் பால்டிமோர் ஆலையில் மூலப்பொருள் மாசுபட்டதால், கெபெர்ஹாவில் காத்திருந்த 20 லட்சம் ஜான்சன் டோஸ்களைப் பயன்படுத்த முடியாமல் போனது. ஜூலையில் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் கலவரம் வெடித்து மருந்தகங்கள் சூறையாடப்பட்டன, ஊசி மையங்கள் பல நாட்கள் மூடிக் கிடந்தன. ஆகஸ்ட் 20 அன்று 18 வயதுக்கு மேல் எல்லோருக்கும், அக்டோபர் 20 அன்று 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் வாசல் திறந்தது.

அதுவரை ஊசிக்கு ஆள் காத்திருந்தார்கள்; 2021 அக்டோபரிலிருந்து ஆளுக்கு ஊசி காத்திருந்தது. 2022 மே நடுவில் நாடு முழுவதும் சுமார் 3.5 கோடி டோஸ் போடப்பட்டிருந்தது. ஒரு டோஸாவது போட்ட பெரியவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். 60 தாண்டியவர்களில் மூன்றில் இரண்டு பங்கு, 18 முதல் 34 வரை மூன்றில் ஒரு பங்கை ஒட்டி. குவாசுலு-நட்டால் தேசிய சராசரிக்குக் கீழே நின்றது. முதலில் போட்ட திட்டம் 2021 முடிவதற்குள் 4 கோடிப் பேர் என்பது; அதற்கு இன்னும் வெகுதூரம் இருந்தது.

பின்தங்கியதற்கு மக்களின் பயத்தை மட்டும் குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஊசி இலவசம், ஆனால் டாக்ஸிக்குக் காசு வேண்டும். வார நாளில் போனால் அன்றையக் கூலி போகும். இரண்டாவது டோஸுக்கு 42 நாள் இடைவெளி வைத்தபோது பலர் தேதியையே மறந்தார்கள். 2022 ஏப்ரலில் வெள்ளம் வேறு. டர்பனுக்கு வடக்கே டொங்காட் பக்கம் குழாயில் தண்ணீர் இல்லாமல் டாங்கர் லாரிக்கு வரிசையில் நிற்கிற வீட்டில் பூஸ்டர் என்னும் கூடுதல் டோஸ் பற்றிய பேச்சு எப்படி எடுபடும்? வீடு இழந்தவர்கள் ஒரே ஹாலில் நெருக்கமாகத் தங்கிய அதே வாரங்களில்தான் ஐந்தாவது அலையும் ஏறத் தொடங்கியது.

இன்னொரு சிக்கல் பாட்டிலுக்குள் இருக்கிறது. "மதியம் போனேன், ஆள் சேரவில்லை, நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டார்கள்" என்று கோபப்படுகிறவர்கள் பலர். ஏன் அப்படி நடக்கிறது என்று தெரிந்தால் எப்போது போவது என்றும் தெரியும்.

2022-ல் இங்கே பெரியவர்களுக்குப் போட்ட பைசர், ஊதா மூடி போட்ட சிறு பாட்டிலில் வந்தது. உள்ளே இருப்பது 0.45 மில்லி மட்டுமே. மைனஸ் 60 டிகிரிக்கும் கீழே உறைய வைத்துக் கொண்டுவந்து, கிளினிக் பிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கிறார்கள். அங்கே ஒரு மாதம் தாங்கும். மறுபடி உறைய வைக்கக் கூடாது. போடுவதற்கு முன் 1.8 மில்லி உப்புநீர் சேர்த்துக் கலக்க வேண்டும். பாட்டிலைக் குலுக்கக் கூடாது, மெதுவாகப் பத்து முறை தலைகீழாகக் கவிழ்த்து எடுக்க வேண்டும். இந்த ஊசியின் மருந்துப் பொருளான எம்ஆர்என்ஏ-வைச் சுற்றியிருப்பது மெல்லிய கொழுப்பு உறை. வேகமாக ஆட்டினால் அது சிதைந்துவிடும். இப்போது மொத்தம் 2.25 மில்லி. ஆளுக்கு 0.3 மில்லி வீதம் ஆறு டோஸ் வரும். ஊசியின் முனைக்கும் பிஸ்டனுக்கும் நடுவே மருந்து தங்கிவிடாத வகை சிரிஞ்ச் இல்லையென்றால் ஐந்தோடு நின்றுவிடும். உப்புநீர் கலந்த நிமிடத்திலிருந்து ஆறு மணி நேரம்தான் ஆயுள். மதியம் மூன்று மணிக்கு ஒரே ஆளுக்காகப் பாட்டிலைத் திறந்தால் மீதி ஐந்து டோஸும் குப்பைக்குத்தான் போகும்.

ஆகவே காலையில் போங்கள், முடிந்தால் ஆறு பேராகச் சேர்ந்து போங்கள். கோவில் கமிட்டியோ, தெருவில் உள்ள பெண்கள் குழுவோ முன்கூட்டியே கிளினிக்குக்குச் சொல்லி ஆறின் மடங்காக ஆள் திரட்டினால் யாரும் திரும்பி வர வேண்டியிராது. ஜான்சன் பாட்டிலில் ஐந்து டோஸ், ஆளுக்கு 0.5 மில்லி, கலக்கும் வேலை கிடையாது. என் பார்வையில், ஒரு டோஸ் மிஞ்சுமே என்று தயங்கி எதிரில் நிற்கும் 70 வயதுக்காரரைத் திருப்பி அனுப்புவது தவறான கணக்கு. இன்று திரும்பிப் போனவர் மறுபடி வராமலே போகலாம். மருந்தோ இப்போது கையில் தாராளமாக இருக்கிறது.

லோட் ஷெட்டிங் என்னும் முறை மின்வெட்டில் ஊசி கெட்டுப்போயிருக்குமோ என்று சிலர் கேட்கிறார்கள். மருந்துக்கான பிரிட்ஜில் வெப்பநிலையைத் தொடர்ந்து பதிவு செய்யும் கருவி இருக்க வேண்டும். கதவைத் திறக்காமல் வைத்தால் இரண்டு மணி நேர மின்வெட்டை ஒரு நல்ல பிரிட்ஜ் தாங்கும். கெடுவது பெரும்பாலும் வேறு வழியில்: கதவை அடிக்கடி திறப்பது, பாட்டிலைப் பின்சுவரில் ஒட்டி வைத்து உறையவிடுவது, ஐஸ் பெட்டியில் பனிக்கட்டிக்கு நேராக வைப்பது. சந்தேகம் இருந்தால் இன்றைய வெப்பநிலைப் பதிவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

திரிபு ஏன் இங்கிருந்தே வருகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். முதல் காரணம், இங்கே தேடுகிறார்கள். மூக்கில் எடுத்த மாதிரி முதலில் பிசிஆர் சோதனைக்குப் போகிறது. இங்குள்ள பல ஆய்வகங்கள் பயன்படுத்தும் கிட் வைரஸின் மூன்று இடங்களைத் தேடும், அவற்றில் ஒன்று ஸ்பைக் மரபணு. ஸ்பைக்கில் 69, 70 ஆகிய இரண்டு இடங்கள் விடுபட்டிருந்தால் அந்த ஒரு இலக்கு மட்டும் பதில் தராது, மற்ற இரண்டும் பாசிட்டிவ் காட்டும். டெல்டாவில் இந்த விடுபடல் இல்லை. 2021 நவம்பரில் கௌட்டெங் மாகாணத்தில் இப்படி ஓர் இலக்கு தவறிய பாசிட்டிவ்கள் திடீரென்று கூடியதைத் தனியார் ஆய்வகம் ஒன்று கவனித்துச் சொன்னது. வரிசைப்படுத்திப் பார்த்து, நவம்பர் 25 அன்று நாட்டுக்கு அறிவித்தார்கள். மறுநாளே உலக சுகாதார நிறுவனம் ஓமிக்ரான் என்று பெயர் வைத்தது. போட்ஸ்வானாவிலும் அதே வாரங்களில் அது கண்டுபிடிக்கப்பட்டது. இங்கே முதலில் தெரிந்ததால் இங்கே பிறந்தது என்று ஆகிவிடாது.

வரிசைப்படுத்துவதும் எல்லா மாதிரியிலும் முடிகிற வேலையில்லை. பிசிஆரில் வைரஸ் எத்தனையாவது சுற்றில் தெரிகிறது என்பதை சிடி எண் என்கிறார்கள். எண் குறைந்தால் வைரஸ் அதிகம், 3.3 சுற்றுக்குச் சுமார் பத்து மடங்கு வித்தியாசம். 30-க்குக் கீழே இருந்தால்தான் முழு வரிசை நன்றாக வரும். வைரஸின் ஆர்என்ஏ-வைப் பிரித்து, டிஎன்ஏ-வாக மாற்றி, சுமார் 30,000 எழுத்துள்ள அதைச் சிறு துண்டுகளாகப் பெருக்கி, கருவியில் படித்து, கணினியில் ஒட்டவைக்கிறார்கள். துண்டைப் பிடிக்கும் பிரைமர் உட்காரும் இடமே திரிபில் மாறியிருந்தால் அந்தத் துண்டு காணாமல் போய் வரிசையில் ஓட்டை விழும். புதுத் திரிபு வரும்போதெல்லாம் பிரைமரைத் திருத்த வேண்டியிருப்பது இதனால்தான். 2021 நவம்பரில் மற்ற நாடுகள் நம் நாட்டு விமானங்களை நிறுத்தியபோது இதற்குத் தேவையான ரசாயனப் பொருட்கள் வருவதே தடைபட்டது. உண்மையைச் சொன்ன நாட்டுக்குக் கிடைத்த தண்டனை அது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

இரண்டாவது காரணத்தையும் மறைக்கக் கூடாது. நோய் எதிர்ப்பு மிகக் குறைந்த ஒருவரின் உடம்பில் வைரஸ் மாதக்கணக்கில் தங்கினால், அங்கேயே மாற்றங்களைச் சேர்த்துக்கொள்ளும். எச்ஐவி முற்றிய நிலையில், சிகிச்சை பலன் தராமல் இருந்த ஒருவரிடம் ஆறு மாதத்துக்கு மேல் வைரஸ் தங்கி உருமாறியதை டர்பன் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இந்த நாட்டில் சுமார் 80 லட்சம் பேர் எச்ஐவியோடு வாழ்கிறார்கள். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறவரால் இந்த ஆபத்து இல்லை, ஆகவே அவர்களைப் பழிப்பதில் அர்த்தம் கிடையாது. கிளினிக் மூடியதால், வெள்ளத்தால், காசில்லாததால் மாத்திரை நின்றுபோவதுதான் ஆபத்து. எச்ஐவி மாத்திரை தடையில்லாமல் கிடைப்பதும் கோவிட் திரிபைத் தடுக்கும் வேலைதான்.

இனி பி.ஏ.4, பி.ஏ.5. இரண்டும் ஓமிக்ரான் குடும்பமே. ஸ்பைக்கில் 452, 486 ஆகிய இடங்களில் புதிய மாற்றங்கள் உண்டு, 69-70 விடுபடலும் உண்டு. இதற்கு முன் இருந்த பி.ஏ.2-வில் அந்த விடுபடல் இல்லாததால், ஸ்பைக் இலக்கு தவறும் முடிவுகள் மறுபடி கூடியதே இவை பரவுவதற்கான முதல் அறிகுறி ஆயிற்று. 2022 ஏப்ரல் முடிவதற்குள் இவை மற்றவற்றை முந்திவிட்டன. நூறு சோதனையில் இருபதுக்கு மேல் பாசிட்டிவ் வரும் நிலை திரும்பியது.

"டிசம்பரில் வந்துவிட்டதே, அதுவே போதாதா?" என்பதற்கு 2022 மே தொடக்கத்தில் டர்பனிலிருந்தே பதில் வந்தது. சிகால் ஆய்வகம், முதல் ஓமிக்ரான் வந்து தேறிய 39 பேரின் ரத்தத்தைப் புதிய திரிபுகளோடு சோதித்தது. ஊசியே போடாதவர்களின் ரத்தத்தில் முடக்கும் திறன் 7 மடங்குக்கு மேல் சரிந்திருந்தது. ஊசியும் போட்டு நோயும் வந்தவர்களில் சரிவு 3 மடங்கு அளவுதான், தொடக்க அளவே அவர்களுக்கு உயரம் என்பதால் மிஞ்சியதும் அதிகம். சிறிய ஆய்வு, சோதனைக்குழாயில் செய்தது. அதிலிருந்து இறப்பு எண்ணிக்கையை ஊகிக்கக் கூடாது. ஆனால் 19 வயதுப் பேத்தி ஏன் டிசம்பர் தொற்றை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்பதற்கு இது தெளிவான பதில். ஆஸ்பத்திரிக் கணக்கும் இதையே சொல்கிறது. டிஸ்கவரி என்ற மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பு) உறுப்பினர்களின் தரவில், பைசர் இரண்டு டோஸ் ஆஸ்பத்திரிச் சேர்க்கையைத் தடுக்கும் பயன் டெல்டா காலத்தில் 93 சதவீதமாக இருந்து ஓமிக்ரானில் 70 ஆனது. ஜான்சன் இரண்டு டோஸும் 70-ஐ ஒட்டியே நிற்கிறது.

சர்க்கரை நம் சமூகத்தில் மிக அதிகம் என்பதால் 30 சதவீத ஓட்டை நமக்குச் சிறிய ஓட்டை இல்லை. அதை அடைக்கத்தான் பூஸ்டர்.

யாருக்கு எப்போது என்ற கணக்கு 2022 பிப்ரவரி 23 அன்று மாறியது, பலருக்கு இது இன்னும் தெரியவில்லை. பைசர் முதலுக்கும் இரண்டாவதுக்கும் இடையே அன்றிலிருந்து 21 நாள் போதும் என்றானது. இரண்டாவதுக்குப் பின் 90 நாளில் பூஸ்டர், முன்பு இருந்த 180 நாள் இல்லை. ஜான்சன் ஒன்று போட்டவர் இரண்டு மாதம் கழித்து ஜான்சனோ பைசரோ போடலாம். மாற்றிப் போடுவது அனுமதிக்கப்பட்டதே, பயப்பட வேண்டாம். ஜான்சன் ஒன்றோடு நின்றவர்கள் நம்மில் நிறைய, முக்கியமாக ஆசிரியர்கள். அவர்கள் தங்களை முழுமையாக ஊசி போட்டவர்களாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தத் திரிபுகளுக்கு அது அரைகுறைதான். அடுத்தது பைசராக இருப்பது நல்லது என்பது என் பரிந்துரை, ஆனால் பக்கத்தில் ஜான்சன் மட்டும் இருந்தால் பைசருக்காகக் காத்திருக்க வேண்டாம். 12 முதல் 17 வயதுக்குப் பைசர் மட்டுமே. சிறுநீரகம் மாற்றியவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், ரத்தப் புற்றுநோயாளிகள், அதிக அளவு ஸ்டீராய்டு எடுப்பவர்கள், எச்ஐவியால் சிடி4 எனும் எதிர்ப்புச் செல் எண்ணிக்கை 200-க்குக் கீழே உள்ளவர்கள் ஆகியோருக்குப் பூஸ்டருக்கு முன்பே கூடுதல் டோஸ் ஒன்று உண்டு; அதற்கு டாக்டரின் கடிதம் தேவை.

கோவிட் வந்திருந்தால் அறிகுறி தொடங்கிய நாளிலிருந்து 30 நாள் விட்டுப் போடுங்கள். ஐடி புத்தகம், முன்பு கொடுத்த ஊசி அட்டை, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், சட்டைக் கை எளிதில் ஏறும் உடை ஆகியவை போதும். பதிவு இல்லாவிட்டாலும் நேரில் செய்துகொள்வார்கள். மெடிக்கல் எய்ட் இல்லாதவர்களுக்குத் தனியார் மருந்தகத்திலும் இலவசம்தான். முன்பு பதிந்த கைபேசி எண் மாறியிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள், இல்லையென்றால் சான்றிதழ் எடுக்கும்போது தகவல் பொருந்தாமல் அலைய வேண்டிவரும். கேள்விகளுக்கு 2022-ல் இருந்த இலவசத் தொலைபேசி 0800 029 999.

ஆயா வெறும் வயிற்றில் போகக் கூடாது. இன்சுலினையோ மாத்திரையையோ நிறுத்த வேண்டாம், இரண்டு நாளைக்குச் சர்க்கரையை வழக்கத்தைவிட ஒரு முறை கூடுதலாகப் பாருங்கள். காய்ச்சல் வந்தால் அளவு ஏறலாம். வார்ஃபரின் போன்ற ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் அதை நர்ஸிடம் சொல்லிவிட்டு, ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். போட்ட பிறகு 15 நிமிடம் அங்கேயே இருங்கள். முன்பு ஏதாவது மருந்துக்குக் கடும் ஒவ்வாமை வந்தவர் 30 நிமிடம். பாரசிட்டமாலை முன்கூட்டியே விழுங்க வேண்டாம். வலியோ காய்ச்சலோ வந்தால் 500 மில்லிகிராம் இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளுக்கு எட்டுக்கு மேல் கூடாது.

எதற்குப் பயப்பட வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜான்சனுக்குப் பின் நான்கு நாளிலிருந்து ஒரு மாதம் வரை விடாத கடும் தலைவலி, ஒரு கால் மட்டும் வீங்குவது, தொடர்ந்த வயிற்றுவலி ஆகியவை இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. பைசருக்குப் பின் சில நாளில் இளைஞருக்கு நெஞ்சுவலியோ படபடப்போ வந்தால் அதுவும் அப்படியே. இரண்டும் மிக அரிது, ஆனால் ஊசி போட்ட தேதியை டாக்டரிடம் சொன்னால்தான் அவர் அந்தக் கோணத்தில் பார்ப்பார்.

வீட்டில் யாருக்காவது இருமலும் காய்ச்சலும் வந்தால் 2022 மே மாத விதிப்படி ஏழு நாள் தனிமை. ஆயா இருக்கும் அறையைப் பிரியுங்கள். முடியாவிட்டால் இரு பக்கமும் ஜன்னலைத் திறந்துவைத்து மாஸ்க் போடுங்கள்; மே மாதக் குளிருக்காக எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு உட்காருவதுதான் இந்த வைரஸுக்கு வேண்டியது. ஆக்சிஜன் பார்க்கும் சிறு கருவி வாங்கி வையுங்கள். விரலைச் சூடாக்கி, நகப்பூச்சை எடுத்துவிட்டு, ஒரு நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள். 94-க்குக் கீழே நின்றாலோ, அறைக்குள் நடந்தாலே சரிந்தாலோ, ஆர்.கே.கான், ஃபீனிக்ஸ் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை என்று எது பக்கமோ அங்கே போய்விடுங்கள். சர்க்கரைக்காரர்கள் அறிகுறி தெரியாமலே குறைந்துகொண்டு போவார்கள், அதனால் நாளுக்கு மூன்று முறை எழுதி வையுங்கள். ஆக்சிஜன் நன்றாக இருக்கும்போது யாரோ கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையைப் போடாதீர்கள். அது சர்க்கரையை ஏற்றி, உடம்பின் எதிர்ப்பையும் அமுக்கும். ஐவர்மெக்டின் என்ற புழுக்கொல்லி மருந்துக்காக அலைவதும் வேண்டாம், முறையான பெரிய சோதனைகளில் அது பயன் காட்டவில்லை.

ஜூலை நடுவில் ஆடி பிறந்ததும் மாரியம்மன் கோவில்களில் கூழ் ஊற்றத் தொடங்குவார்கள், இந்த ஆண்டு கூட்டமும் கூடும். பூஸ்டரின் பலன் ஏற இரண்டு வாரம் பிடிக்கும். மே மாதத்திலேயே போட்டுவிட்டால், ஆடிக்கு முன் ஜூன் முழுக்க அவகாசம் கையில் இருக்கும். கூழை வெளி முற்றத்தில் ஊற்றுங்கள், பந்தலின் பக்கத்துணிகளைக் கட்டாமல் விடுங்கள். துக்க வீடுகளில் இரவு முழுக்க மூடிய அறையில் பாடி உட்காருவது இதைவிட ஆபத்து. கராஜிலோ வாசலிலோ நாற்காலி போடுங்கள்.

பேத்திக்கு 19 வயது, முடிவு அவளுடையது. அவளுக்குத் தம்பி தங்கைகள் இருந்தால், 12 வயது நிறைந்த பிள்ளை இந்த நாட்டின் சட்டப்படி தானே சம்மதம் தெரிவித்து ஊசி போட்டுக்கொள்ளலாம், பெற்றோர் கையெழுத்து இல்லை என்று எந்த மையமும் திருப்பி அனுப்பக் கூடாது. ஆயாவைக் கூட்டிப் போகும் காலையிலேயே ஆசிரியரும் பேத்தியும் சேர்ந்து போனால் ஒரு பாட்டிலில் பாதி உங்கள் வீட்டாலேயே தீர்ந்துவிடும். பக்கத்து வீட்டில் மூன்று பேரைக் கேட்டுப் பாருங்கள்.